விரல் நீட்டி வாங்கிய வீடு

என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டுகிறவர். இதைச் சொன்னதும் எல்லாரும் கண்ணை விரிப்பார்கள். அடுத்த கேள்வி, "அப்போ நீங்க எங்க வேணும்னாலும் ஓசியில போகலாமா?" என்பதாகத்தான் இருக்கும். போகலாம். ஆனால் அவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

ரயில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் விரலை நீட்டி, வாய்விட்டு, "பச்சை!" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் துணை ஓட்டுநர் தானும் பார்த்துவிட்டு "பச்சை!" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கண் பார்த்ததை வாய் சொல்லி, அதை இன்னொரு வாய் ஒத்துக்கொண்ட பிறகுதான் வண்டி நகரும். சரக்கு ரயில் ஓட்டிய காலத்தில் இவருக்கு அப்படி ஒரு துணை இருந்தது. பிறகு கடற்கரை லைனில் பயணிகள் ரயில் கொடுத்தார்கள். அதில் கேபினுக்குள் ஒரே ஆள். இவர் பாட்டுக்கு "பச்சை!" என்பார். முன் கண்ணாடி கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தப் பாக்கியை வீட்டுக்கு வந்து என்னிடம் வசூல் பண்ணினார்.

"கேஸ் மூடியிருக்கு!" என்று அடுப்பைப் பார்த்து விரல் நீட்டுவார். நான் எந்த மூலையில் இருந்தாலும் "மூடியிருக்கு!" என்று குரல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நீட்டிய விரலோடு அப்படியே நிற்பார். "ஜன்னல் சாத்தியிருக்கு!" "சாத்தியிருக்கு!" "குடை எடுத்தாச்சு!" "எடுத்தாச்சு!" கல்யாணமான புதிதில் எங்கள் அம்மா வந்து தங்கியிருந்தார். மத்தியானம் அறை வாசலில் நின்று இவர், "அத்தை தூங்குறாங்க!" என்று கத்த, அம்மா அடித்துப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, "தூங்குறேன் மாப்பிள்ளை!" என்று பதில் சொன்னார். எப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு என்னைக் கட்டிக் கொடுத்தோம் என்று அம்மாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கடற்கரை லைன், பேருக்கு ஏற்றபடி, கடலோர ஊர் ஒன்றில் போய் முடிகிறது. ரயில்கள் ராத்திரி நிற்கிற டிப்போ அங்கேதான். தினமும் முதல் ரயில் அங்கிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பும். அதை ஓட்ட வேண்டியவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ரயில் கிடையாது, ஏனென்றால் அதுதான் முதல் ரயில்! அதனால் வாரத்தில் பாதி நாள் இவருக்கு டிப்போ ஓய்வறையில் படுக்கை. எனக்கு நகரத்தின் விளிம்பில், நாத்தனார் வீட்டு மாடி அறையில். அவர் இல்லாத நாளிலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. அடுப்பை அணைத்துவிட்டு "மூடியிருக்கு" என்பேன். நாத்தனார் எட்டிப் பார்த்து, "யாருகிட்டம்மா பேசுற?" என்பார். "அடுப்புகிட்ட அண்ணி." "சரி சரி, அதுவாவது பதில் சொல்லுதா பாரு."

ஒருநாள் இவர் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார். "ஓய்வறையில லைட்டை அணைச்சுட்டு 'அணைஞ்சிருக்கு'ன்னு சொல்றேன். பதிலே இல்ல. நெஜமாவே அணைஞ்சிருக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை, அவருக்கும் இல்லை, இதற்குப் பெயர் குடித்தனமா? அந்த ஊரிலேயே வீடு வாங்கிவிடுவது என்று அன்றைக்கு நான் முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணுவது சுலபம். அந்த ஊரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தலை சுற்றியது.

காலையில் என் வீட்டுக்காரரின் ரயிலில் ஏறி நகரத்துக்குப் போய்ச் சம்பாதித்து, சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி வந்து கடல் காற்று வாங்குகிற ஊர் அது. அங்கே நாய்களுக்கு மழைக்கோட்டு உண்டு. வாசலில் கார் நிற்க வேண்டிய இடத்தில் படகு நிற்கும், அதற்கும் போர்வை போர்த்தியிருக்கும். ரொட்டிக் கடையில் ரொட்டியை நகைக் கடை மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக, விலை எழுதாமல் வைத்திருப்பார்கள். விலை கேட்டால் நீங்கள் வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் கேட்டேன். கண்டுபிடித்துவிட்டார்கள்.

இத்தனை பேரையும் வருஷக்கணக்காகச் சுமந்து போகிறவர் இவர். ஒருத்தருக்கும் இவர் முகம் தெரியாது. தாமதமானால் மட்டும் இப்படி ஒருத்தர் இருப்பது ஞாபகம் வரும்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது என் பிழைப்பு. எங்கள் கடைக்கு அந்த ஊரிலும் ஒரு கிளை உண்டு, மாற்றல் கேட்டால் கொடுப்பார்கள். வங்கியும் கடன் தருவதாகச் சொல்லி, இதற்கு மேல் மூச்சு விடக்கூடாது என்று ஒரு எல்லை போட்டுக் கொடுத்தது. அந்த எல்லைக்குள் அந்த ஊரில் நல்ல கார் நிறுத்துமிடம் வாங்கலாம்.

வீட்டுத் தரகர் ஒருவரைப் பிடித்தோம். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வரும், போன பிறகும் போகாது. நாங்கள் வைத்த பெயர் அத்தர். அத்தருக்கு ஒரு தனி அகராதி இருந்தது. சின்ன அறை என்றால் 'அடக்கமான அறை'. ஜன்னலே இல்லாவிட்டால் 'வெயில் தொல்லை இல்லாதது'. கடல் தெரியாவிட்டால் 'கடல் மனசுல இருக்கும் மேடம்'.

அங்கே ஒரு வழக்கம். வீட்டை ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் சேர்த்தே திறந்து காட்டுவார்கள். பிடித்தவர்கள் தங்கள் விலையைத் திங்கட்கிழமைக்குள் தரகரிடம் சொல்ல வேண்டும். அதிகம் சொன்னவருக்கு வீடு. ஆக, ஒரு படுக்கையறைக்குள் ஐந்தாறு குடும்பங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து பார்க்கும். அந்தக் கூட்டத்துக்குள்தான் இவரை அழைத்துப் போனேன்.

முதல் வீட்டில் நுழைந்ததும் கூரையைப் பார்த்தார். விரல் எழுந்தது. "கூரை ஒழுகுது!"

நான் பழக்க தோஷத்தில், "ஒழுகுது!" என்றேன்.

மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. அத்தர் முகம் செத்துவிட்டது. அடுத்த வீட்டில், "தரை சாயுது!" அதற்கடுத்த வீட்டில், "கரையான் இருக்கு!" இவர் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாவிட்டால் இவரால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. சிவப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த ரயில்காரன் உண்டா என்பார். மூன்று வீடுகளும் விலை போகவில்லை. அத்தர் எங்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் அத்தர் ஆபீஸ் ஜன்னலில் ஒட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்தேன்.

ஒல்லி வீடு. இரண்டு அகலமான வீடுகளுக்கு நடுவே, ரயிலில் இரண்டு பருமனானவர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டவர் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றது. நீலக் கதவு. டிப்போவுக்கு நடந்து போகிற தூரம். மேல் மாடியில் ஒரு குட்டி ஜன்னல். எனக்கு அதைப் பார்த்ததும் கிறுகிறுவென்று வந்தது. பதினாறு வயதில் கூட யாரையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அத்தர் உள்ளேயிருந்து திரையை இழுத்துவிட்டார்.

கேட்கிற விலை எங்கள் எல்லைக்குச் சற்றே உள்ளே இருந்தது. ஆனால் சனிக்கிழமைக் கூட்டம் வந்தால் அது எங்கே உள்ளே இருக்கும், பறந்துவிடும். அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. மூன்று வீடுகளைப் படுக்க வைத்த விரல் என் கையில் இருக்கிறது. இல்லை, என் புருஷன் கையில். அதை இந்த வீட்டில் அவிழ்த்துவிட்டால் என்ன? கூட்டம் தானாகக் கலையும். வீடு எனக்கு! இவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், "நான் என்ன பூச்சாண்டியா?" என்பார். "சும்மா பாத்துட்டு வருவோம்ங்க," என்றேன். உள்ளே நான் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன். நான் திருப்பிச் சொல்லாவிட்டால் இவர் இன்னும் சத்தமாகச் சொல்வார். அதுவும் நல்லதற்குத்தான்.

சனிக்கிழமை. வாசலில் எங்களைப் பார்த்ததும் அத்தர் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு நின்றார். "சார், உங்களுக்கு இந்த வீடு சரிப்படாது சார். ரொம்ப ஒல்லி."

"நாங்களும் இளைச்சுட்டோம்," என்று சொல்லி நான் உள்ளே நுழைந்தேன்.

கூட்டம் இருந்தது. எல்லாரையும் விட எனக்குப் பயம் காட்டியது ஒரு ஜோடிதான். அந்தம்மா தோல் டாக்டர், சுவரைக்கூட முகப்பரு பார்க்கிற மாதிரி தடவிப் பார்த்தார். அவர் கணவர் வெள்ளைக் கால்சட்டை. இந்த ஊரில் வெள்ளைக் கால்சட்டை போடுகிறவர் என்றால் துவைக்க வேறு ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

கூடத்து நாற்காலியில் வீட்டுக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. வீட்டை விற்கிறவர்கள் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவார்கள், இவர்கள் முட்டி வலியால் போகவில்லை. "பெரியவர் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்," என்று அத்தர் பெரியவர் மனைவியிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அந்தம்மா, "சொன்னா மட்டும்?" என்றார்.

இவர் கூடத்தின் நடுவில் நின்றார். விரல் எழுந்தது.

"கூரை காஞ்சிருக்கு!"

அடப்பாவி மனுஷா.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். இவர் விரலை இறக்காமல் காத்திருந்தார். பிறகு இன்னும் சத்தமாக, "கூரை காஞ்சிருக்கு!"

"காஞ்சிருக்கு!" என்று கணீரென்று ஒரு குரல்.

சொன்னது நாற்காலிப் பெரியவர். சொன்ன வேகத்தில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "கப்பல்ல சுக்கான் பிடிச்ச மனுஷன்மா. கேப்டன் 'எடது பத்து'ன்னா, 'எடது பத்து'ன்னு திருப்பிச் சொல்லிட்டுத்தான் சுக்கானைத் திருப்பணும். காலம் பூரா அதே பொழப்பு. இப்ப தெருவுல எவன் எதைக் கத்தினாலும் இவரு இங்கேருந்து திருப்பிச் சொல்றாரு. நான் 'காபியில சக்கரை இல்ல'ன்னு சொன்னா, 'சக்கரை இல்ல'ன்னு சொல்வாரே தவிர, எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வர மாட்டாரு."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வருஷக்கணக்காகக் கண்ணாடியிடம் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒரு துணை ஓட்டுநர் கிடைத்துவிட்டார். அதற்கப்புறம் யார் பிடிப்பது?

"ஜன்னல் தெறக்குது!"

"தெறக்குது!"

"தரை மட்டமா இருக்கு!"

"மட்டமா இருக்கு!"

"குழாய்ல தண்ணி வேகமா வருது!"

"வேகமா வருது!"

கூட்டம் இவர் பின்னாலேயே நகர ஆரம்பித்தது. கோயில் குருக்கள் பின்னால் போகிற மாதிரி பயபக்தியோடு போனார்கள். இவர் நீட்டிய இடத்தையெல்லாம் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். தோல் டாக்டர் தன் கணவரிடம், "ரொம்ப நேர்மையான ஏற்பாடா இருக்கே, இன்ஜினியரை வச்சுச் சொல்ல வைக்கிறாங்க," என்றார். வெள்ளைக் கால்சட்டை தன் மனசில் இருந்த விலையை ஏற்றிக்கொண்டது அவர் புருவத்திலேயே தெரிந்தது. அத்தர் முகத்தில் சூரியன் உதித்துவிட்டது. என் பக்கம் வந்து, "மேடம், ஒரு தண்ணி பாட்டில் தரட்டுமா சாருக்கு? தொண்டை காஞ்சிடப் போகுது," என்றார். அந்த மூஞ்சியில் ஒன்று விடலாம் போல இருந்தது எனக்கு.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நல்ல வீடு, நான் ஆசைப்பட்ட வீடு, என் புருஷன் வாயாலேயே கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் சொல்கிற ஒவ்வொன்றும் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் வயிறு எரிந்தது.

மாடிக்குப் போனோம். பெரியவர் படியேற முடியாமல் கீழேயிருந்தே குரல் கொடுத்தார். மேல் குளியலறையில் அந்தக் குட்டி ஜன்னல். அதன் கீழே ஒரு முக்காலி. இவர் அதன் மேல் ஏறினார், வெளியே பார்த்தார். விரலை நீட்டினார். பிறகு, கத்தாமல், மெதுவாகத்தான் சொன்னார்.

"கடல் தெரியுது."

மெதுவாகச் சொன்னதால் கீழே கேட்கவில்லை. பதில் வரவில்லை. இவர் விரலை நீட்டியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவுக்கு வெளியே வரிசை கட்டிக் கூட்டம் நின்றது. நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன் அல்லவா. இவர் முக்காலியிலிருந்து இறங்கி எனக்குக் கை கொடுத்தார். ஏறினேன்.

இரண்டு பெரிய வீட்டுக் கூரைகளுக்கு நடுவில், ஒரு கைக்குட்டை அளவுக்குக் கடல். அவ்வளவுதான். ஆனால் அது வெயிலில் அப்படி மினுமினுத்தது! ஒரு சின்னப் படகு அந்தக் கைக்குட்டையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியே போனது. நாள் முழுக்க மற்றவர்களிடம் தெரியுதா தெரியுதா என்று கேட்கிறவள் நான். என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

"தெரியுது!" என்று கத்திவிட்டேன். "ஐயோ, தெரியுதுங்க! நல்லா தெரியுது!"

சத்தியம் போயிற்று, திட்டம் போயிற்று, வீடும் போயிற்று. கூட்டம் முழுக்க முக்காலிக்கு முண்டியடித்தது. வெள்ளைக் கால்சட்டை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கவே இல்லை. இறங்கியதும் அத்தரை ஓரமாகக் கூப்பிட்டு, "திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே பேசி முடிச்சுடலாமே," என்றார். நான் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றேன். இவர் என் பக்கத்தில் வந்து, "நல்ல வீடு," என்றார், விரல் நீட்டாமல். "ஆமா," என்றேன். அதையும் திருப்பிச் சொல்லத்தான் செய்தேன்.

பாக்கி இருந்தது நிலவறை ஒன்றுதான். அதை எல்லாரும் பேஸ்மென்ட் என்றார்கள். அத்தர் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். "அது சும்மா சாமான் போடுற எடம் சார். பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"முழுசாப் பாக்காம எப்படி?" என்று தோல் டாக்டரே சொன்னார். "சார், நீங்க முன்னாடி போங்க." அவருக்கு இதற்குள் என் வீட்டுக்காரர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

கதவைத் திறந்ததும் அத்தரின் வாசனை குப்பென்று அடித்தது. அத்தர் எங்களோடு மேலே நிற்கிறார், வாசனை கீழேயிருந்து வருகிறது. பாட்டில் முழுவதையும் கொட்டியிருப்பார் போல. தரையில் புதுக் கம்பளம், சுவரில் கணுக்கால் உயரம் வரை புதுப் பெயின்ட். இவர் கீழே இறங்கினார், கூட்டம் படிகளில் நின்றது. பெரியவரும் ஆர்வம் தாங்காமல் கைத்தடியை ஊன்றிக் கதவு வரைக்கும் வந்துவிட்டார்.

இவர் கம்பளத்தின் ஒரு மூலையைக் காலால் ஒதுக்கினார். தரையில் வடிகாலின் இரும்பு மூடி, சுற்றிலும் உப்புப் பூத்த வெள்ளை. விரல் மெதுவாக எழுந்தது.

"தண்ணி உள்ள வருது!"

பதில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை சத்தியத்துக்காக இல்லை. அந்த நாற்காலிக்காரரையும் அவர் மனைவியையும் நினைத்து எனக்கு மனசு வரவில்லை.

அத்தர் சிரித்தார். "அது பெயின்ட் சார், டிசைன்."

இவர் விரலை இறக்கவில்லை. இன்னும் சத்தமாக, "தண்ணி உள்ள வருது!"

"தண்ணி உள்ள வருது!" என்று மேலேயிருந்து பதில் வந்தது. நடுக்கடலில், புயலில், கப்பலின் கோடி வரைக்கும் கேட்கிற குரல். சொல்லிவிட்டுப் பெரியவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்த, கைத்தடி தடதடவென்று படிகளில் உருண்டு எல்லார் கால்களையும் தாண்டி என் வீட்டுக்காரர் காலடியில் வந்து நின்றது.

"கெடுத்தீங்களே!" என்றார் அவர் மனைவி.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. தோல் டாக்டர் சுவரைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டார். "இப்பவே பேசி முடிச்சுடலாம்" என்ற வெள்ளைக் கால்சட்டை, தன் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார், தண்ணீர் அப்போதே வந்துவிட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் வீட்டில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர், அப்புறம் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்ட அத்தர். வாசனை தனி.

இவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். முகம் வாடிப் போயிருந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா. வேணும்னு சொல்லல. கண்ணுல பட்டுடுச்சு."

அந்தம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். இவர் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. "நல்ல வேளைப்பா. மறைச்சு வித்திருந்தா இவரு தூங்க மாட்டாரு, என்னையும் தூங்க விட மாட்டாரு. மாசத்துல ரெண்டு தடவை, கடல் உப்பறப்போ வரும். அதுவும் எப்பவும் இல்ல. கணுக்கால் அளவுதான். வந்த வழியே போயிடும்."

"போயிடும்!" என்றார் பெரியவர்.

"நாங்க மகள் வீட்டுப் பக்கத்துல, படி இல்லாத எடத்துக்குப் போறோம். எங்களுக்கு வேண்டியதெல்லாம் கிளம்பணும். இந்த ஊர்ல இனி இந்த வீட்டுப் பக்கம் ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான், உங்க புண்ணியத்துல." அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "மேல நின்னு கத்தினது நீதானே? கடல் தெரியுதுன்னு?"

"நான்தாம்மா."

"அப்ப கேட்ட வெலையைக் குடுத்துட்டு எடுத்துக்கோ. ஒரு காசு ஏத்த வேணாம், எறக்கவும் மாட்டேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். அத்தர் படியிலிருந்து பலவீனமான குரலில், "ஈரப்பதம் உள்ள வீடு மேடம், தோலுக்கு ரொம்ப நல்லது," என்றார். பழக்கம் யாரை விட்டது!

வெளியே வந்து தெரு முனை திரும்பியதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாய்க்கு மழைக்கோட்டு போட்டு நடத்திக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்து, முன்பின் தெரியாமலே வணக்கம் சொன்னேன். ரொட்டிக் கடையில் விலை கேட்காமல் ஒன்று வாங்கினேன். வெளியே வந்து அதைப் பிய்த்துக் கொடுத்தபடியே, "எதுக்கு உங்களை இன்னைக்குக் கூட்டிட்டு வந்தேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். கூட்டத்தை வெரட்ட."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"வீடு நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவேன். அப்ப நீ என்ன பண்ணுவேன்னு பாக்கலாம்னு வந்தேன்." ரொட்டியை மென்றார். "நீ வாயை இறுக்கி மூடிட்டு நின்ன பாரு, கொட்டாவியை அடக்குறவ மாதிரி!" நடுத் தெருவில் இவரை நான் அடித்தேன். இவர், "பொண்டாட்டி அடிக்கிறா!" என்று விரல் நீட்டிச் சொன்னார். "அடிக்கிறா!" என்றேன்.

குடி வந்தோம். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "இதென்ன, ரயில் பெட்டி மாதிரி நீளமா ஒரு வீடு," என்றார். அது அவர் தம்பிக்குப் பொருத்தம்தான். டிப்போ ஓய்வறையிலிருந்து இவர் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, அதைப் படுக்கையில் வைத்துவிட்டு, "தலையணை வந்துடுச்சு!" என்றார். நான் பதில் சொல்வதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெரிய கடலேற்றம் வந்தது ஒரு விடியற்காலையில். இவர் முதல் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் போர்வைக்குள்ளிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேஸ், ஜன்னல், குடை, சாவி. அப்போது கீழே யாரோ குடத்தைக் கவிழ்க்கிற மாதிரி களக் களக் என்று சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். நிலவறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன்.

கடல் வந்திருந்தது. இப்போது சத்தம் அடங்கி, தெளிவாக, கணுக்கால் ஆழத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. என் பழைய செருப்பு ஒன்று சுற்றிச் சுற்றி மிதந்தது. இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் கடலைப் பார்க்கிற வீட்டுக்காக அடித்துக்கொள்கிறார்கள். நம் வீட்டைப் பார்க்கக் கடலே கிளம்பி வந்திருக்கிறது! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இறங்கி அதில் நின்றேன். குளிர் உச்சந்தலைக்கு ஏறியது. என்னையறியாமல் என் விரல் எழுந்தது.

"தண்ணி வந்திருக்கு!"

மேலே வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

போய்விட்டார். முதல் ரயில், ஒரு நிமிஷமும் காத்திருக்காது. ஊரே அந்த ரயிலுக்கு நின்றுகொண்டிருக்கும். நான் நீட்டிய விரலோடு தண்ணீரில் நின்றேன். இறக்கலாம் என்றுதான் நினைத்தேன், விரல் இறங்கவில்லை. இத்தனை வருஷம் பதில் சொல்கிற இடத்திலேயே இருந்துவிட்டேன். சொல்லிவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேபினுக்குள் தினமும் இப்படித்தானே நிற்கிறார்.

இன்னும் ஒரு தடவை, வயிற்றிலிருந்து கத்தினேன். "தண்ணி வந்திருக்குங்க!"

தெருவில் ஓடிப்போன ஷூ சத்தம் நின்றது. திரும்பி ஓடி வந்தது. வாசல் கதவில் தபால் போடுகிற துவாரத்தின் மூடி கிறீச்சென்றது. அதில் வாயை வைத்து, மூச்சு வாங்க வாங்க, தெருவே எழுந்துகொள்ளும்படி கத்தினார் என் வீட்டுக்காரர்.

"வந்திருக்கு!"

பிறகு ஓடினார். நான் விரலை இறக்கினேன்.